ஜைனம்பு வாங்கிவைத்த மசாலாச் சாமான்

பாக்கெட்டின் மேலேயே தேதி அச்சடித்து வருகிற காலத்தில் நீங்கள் இந்தச் சமையல் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். ஏலக்காய் எத்தனை மாதம் தாங்கும், கிராம்பு எப்போது மணம் இழக்கும் என்று யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் சனங்கள் பண்டாரியிடம்தான் கேட்பார்கள். கல்யாணச் சோறு ஆக்குகிறவன், தேக்சா அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவன், இவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று.

தெரியும்தான். கசகசா முதலில் போகும். அதில் எண்ணெய் இருப்பதால் காறிவிடும். ஏலக்காய் தோலோடு முழுசாக, காற்றுப் புகாத டின்னில், அடுப்புச் சூடு படாமல் இருந்தால் ஒரு வருடம் குறையில்லாமல் இருக்கும். கிராம்பும் பட்டையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மிளகும் சாதிக்காயும் வருடக்கணக்கில் கிடக்கும். பொடித்துவிட்டால் எல்லாமே சில மாதம்தான். இவ்வளவுதான் விஷயம். இதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு என் தயவு தேவையில்லை.

ஆனால் இதே கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தாய் என்னிடம் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். இப்படி ஓர் இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்க வேண்டியிருக்கும். அப்போது நான் செய்தது உங்களுக்கு உதவுமா என்றால், எனக்கே தெரியவில்லை.

எனக்கு ஊர் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி சிக்கந்தர் என்பவர் குடையும் சூட்கேஸும் விற்கிற கடை வைத்திருந்தார். அவருடைய மனைவிதான் ஜைனம்பு. என்னை வாய் நிறைய அண்ணே என்பார். அவர்களுக்கு ஒரே மகள், நூர்ஜகான். அவளுக்கு மாப்பிள்ளையை வெளியில் தேடவில்லை. ஜைனம்புவின் அண்ணன் மகன் அன்வர் இருந்தான். அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்து மௌத்தாகிவிட்டதால் ராஜபாளையத்தில் தனியாக நின்ற பையன். லாரி கிளீனராகத் திரிந்தவனை லைசென்ஸ் எடுக்கவைத்து, ஏஜெண்டைப் பிடித்து, குவைத்துக்கு டிரைவர் வேலைக்கு அனுப்பிவைத்ததே அத்தைக்காரிதான். அவனுக்குப் போகவே மனமில்லையாம். “ஊருல கெடந்து என்னத்தக் கண்ட? போயிட்டு வாடான்னு நாந்தாண்ணே மதுர பஸ்ஸுல ஏத்திவிட்டேன். இப்பப் பாருங்க, எம்புட்டு மரியாதையா இருக்கான்” என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூறாம் வருடத் தொடக்கத்தில் அன்வர் லீவில் வந்தான். நிச்சயம் நடந்தது. அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கியது நான்தான். அன்வர் அடுப்படிக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தேக்சா இறக்க எங்களோடு கைகொடுத்தான். மாப்பிள்ளை இதெல்லாம் செய்யக்கூடாது என்று நான் சத்தம் போட்டேன். “இன்னைக்கு நிச்சயந்தான மாமு. கல்யாணத்தன்னைக்கு ராசா மாதிரி உக்காந்துக்கிடுதேன்” என்று சிரித்தான். அடுத்த லீவில் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். அவன் கிளம்பிப் போனான்.

கொஞ்ச நாளில் ஜைனம்பு எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். கல்யாணத்துக்கு வேண்டிய மசாலாச் சாமான் மொத்தத்தையும் குமுளியில் தெரிந்தவர் மூலம் வரவழைத்து, கூடத்தில் வேட்டியை விரித்துப் பரப்பி வைத்திருந்தார். ஓர் ஏலக்காயை உடைத்துப் பார்த்தேன். உள்ளே விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிந்தது. அப்படிச் சரக்கு கடையில் கிடைக்காது.

“அண்ணே, கல்யாணத்துக்கு இன்னும் மாசம் கெடக்கு. ஆசையில வாங்கிட்டேன். தாங்குமா?”

“முழுசாத்தான இருக்கு? தாங்கும். டின்னுல போட்டு அடுப்படிய விட்டுத் தள்ளி வையிங்க. வருசம் வரைக்கும் கவலையில்ல.”

“வருசம் எதுக்குண்ணே? அதுக்குள்ள அவன் வந்துருவான்.”

அந்த ஆகஸ்டில் குவைத்தில் சண்டை வந்துவிட்டது.

பம்பாயில் விமானம் விமானமாக ஆட்கள் வந்து இறங்குவதாக ரேடியோவில் சொன்னார்கள். நம் பக்கத்துப் பையன்களும் சிலர் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார்கள். யார் வந்ததாகக் கேள்விப்பட்டாலும் ஜைனம்பு அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். கூமாப்பட்டிப் பையன் ஒருவன் மட்டும் அன்வரைப் பார்த்ததாகச் சொன்னான். பாலைவனத்து வழியாக எல்லைப் பக்கம் போன தண்ணீர் லாரி ஒன்றை அவன் ஓட்டிக்கொண்டு போனானாம். கையைக் காட்டினானாம். அதற்குமேல் அந்தப் பையனுக்கும் தெரியவில்லை. வேறு எவருக்கும் தெரியவில்லை. எழுதிப் போட்ட இடத்திலிருந்தெல்லாம் விசாரிக்கிறோம் என்றுதான் பதில் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

சாயங்காலமானால் ஜைனம்பு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மதுரை பஸ் நிற்கிற இடத்தில் நிற்பார். இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்ப்பார். கடையில் உட்கார்ந்தபடி சிக்கந்தர் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் சில நாள் போய்க் கூட்டிவந்திருக்கிறார். பிறகு விட்டுவிட்டார்.

நான் சொன்ன வருடம் முடிந்தது. மறுபடி ஆள் வந்தது. போனேன். டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, திறக்காமல் மூடிமேல் கையை வைத்துக்கொண்டே கேட்டார்.

“வருசந்தான்னு சொன்னியளேண்ணே. இன்னும் நல்லாருக்குமா?”

திறந்து பார்த்தேன். பதமாகப் பாதுகாத்திருந்தார். ஏலக்காயின் பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனால் மணம் இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. இன்னும் கொஞ்ச மாசம் தாங்கும்.”

அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏலக்காய்க்கு நான் சொன்ன கெடுவை அவர் அன்வருக்குக் கொடுத்த கெடுவாக எடுத்துக்கொண்டிருந்தார். சரக்கு கெடாமல் இருக்கிறவரை அவன் வரலாம். நான் பதில் சொன்னது சரக்கைப் பற்றி. அவர் கேட்டது அதுவல்ல.

அடுத்தமுறை என்னைக் கூப்பிடவில்லை, அவரே வந்துவிட்டார். ராஜபாளையத்தில் ஒரு பெரிய கல்யாணம். எண்ணெய் காய்ந்து வெங்காயம் போட்டு, பொன்னிறம் வருகிற நேரம். பின்வாசல் வழியாக ஜைனம்பு வந்து நிற்கிறார். பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். முந்தி முடிச்சை அவிழ்த்து, நாலைந்து ஏலக்காய், கிராம்பு, ஒரு தாளில் மடித்த கசகசா எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“செத்தப் பாத்துச் சொல்லுங்கண்ணே. போயிருதேன்.”

அடுப்புப் புகையில் எதையும் மோந்து பார்க்க முடியாது. கரண்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். கசகசாவில் காறல் வாடை. ஏலக்காயை உடைத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

“கசகசா காறிப்போச்சு. அதத் தூக்கிப் போட்டுருங்க.”

“மத்தது?”

உள்ளே வேலை கிடக்கிறது. எதிரே இந்த முகம். “இருக்கு. கம்மியாத்தான் இருக்கு. கூடுதலாப் போட்டா ஈடுகட்டிக்கிடலாம்” என்றேன். சமையல்காரனாக நான் சொன்னதில் பொய் இல்லை. பழைய சாமான் என்றால் நாம் எல்லோரும் அதைத்தான் செய்வோம்.

“கூடப் போட்டுக்கிடலாம்ல? அம்புட்டுத்தான. போட்டுக்கிடலாம்” என்று சொல்லிக்கொண்டே அவர் போனார். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன், நிற்கவில்லை. நான் திரும்பி வந்தபோது வெங்காயம் கருகியிருந்தது. அவ்வளவையும் இறக்கிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சிக்கந்தர் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நூர்ஜகானுக்கு இன்னொரு சம்பந்தம் வந்திருந்தது. ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்க்கும் பையன். நல்ல குடும்பம். முன்னால் நடந்த நிச்சயத்தை அவர்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை. நிக்காஹ் ஆகாத பெண் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லியிருந்தார். ஜைனம்பு மட்டும் மறுத்துக்கொண்டிருந்தார்.

“அன்வர் கல்யாணத்துக்கு வச்ச சாமானே இன்னும் கெடலங்காக அம்மா” என்றாள் நூர்ஜகான். “நீங்க சொன்னியளாம். யாரு என்ன சொன்னாலும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதாக.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கு மட்டும் ஆச இல்லையா மாமு? அவுக வந்தா எனக்குந்தான் சந்தோசம். வரலியே. தெனமும் அம்மா பஸ் ஸ்டாண்டுலருந்து திரும்பி வரும்போது எம் மூஞ்சியத்தான் மொதல்ல பாக்காக. நான் என்ன செய்யட்டும்? நான் அந்த வீட்டுல இருக்க வரைக்கும் அவுக காத்துக்கிட்டு நிக்கது முடியாது.”

சிக்கந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் கேக்காக பண்டாரி. நீ சொன்னாத்தான் கேப்பா. வந்து ஒரு வார்த்த சொல்லிரு.”

“என்ன சொல்லணும்?”

“உள்ளதச் சொல்லு.”

மறுநாள் போனேன். ஜைனம்பு மிகவும் மெலிந்திருந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எதுவும் கேட்காமல் உள்ளே போய் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். சிக்கந்தர் கதவோரம் நின்றார். நூர்ஜகான் உள்ளறையில் இருந்தாள்.

ஏலக்காயை எடுத்து உடைத்தேன். தோல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. விதை ஒட்டவில்லை. சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தேன். மரத்தூள் வாடைதான் வந்தது.

“ஏலக்காய் போயிருச்சு தங்கச்சி.”

“கிராம்பப் பாருங்க.”

நகத்தால் அழுத்தினேன். கசியவில்லை. வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கில் உறைக்கவே இல்லை. குச்சியைக் கடித்த மாதிரி இருந்தது.

“போயிருச்சு.”

“பட்ட?”

“போயிருச்சு.”

“அன்னாசிப்பூ நல்லாத்தான இருக்கு? பாக்க அப்படியே இருக்கே.”

“பாக்க இருக்கும். மணம் இல்லம்மா.”

அவர் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியிலிருந்து மிளகுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். நான்கு மிளகைக் கடித்துப் பார்த்தேன். சுள்ளென்று காரம் ஏறியது. மிளகு அப்படித்தான், எளிதில் சாகாது. பொய் சொல்ல முடியவில்லை.

“காரம் இருக்கு” என்றேன்.

“இருக்குல்ல?” அவர் குரல் உயர்ந்தது. “சாதிக்காயப் பாருங்க. சுரண்டிப் பாருங்கண்ணே.”

கத்தியால் சுரண்டினேன். அதிலும் மணம் இருந்தது. சொன்னேன்.

“அப்ப ரெண்டு இருக்கு” என்றார் ஜைனம்பு. கணவரைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியளா? ரெண்டு இருக்குன்னு அண்ணனே சொல்லுதாக.”

சிக்கந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளறையிலிருந்து சத்தமே இல்லை.

தம்பிகளா, இத்தனை வருடத் தொழிலில் அரிசி குழைந்திருக்கிறது, கறி பற்றாமல் போயிருக்கிறது, மழை வந்து அடுப்பு அவிந்திருக்கிறது. அதற்கெல்லாம் ஏதாவது ஒரு வழி கையில் இருந்தது. அன்றைக்கு எனக்கு முன்னால் இரண்டே வழிதான். ஆமாம், ரெண்டு இருக்கிறது, போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால் அந்தத் தாய் இன்னும் கொஞ்ச காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார். மகள் அந்த அறைக்குள்ளேயே இருந்திருப்பாள். வெள்ளிக்கிழமையும் போயிருக்கும். யோசிக்க நேரமில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு இருக்குதான் தங்கச்சி” என்றேன். “ஆனா மிளகையும் சாதிக்காயையும் மட்டும் வச்சுக் கல்யாணச் சோறு ஆக்க முடியாது.”

அவர் அழவில்லை. நான் உடைத்துப் போட்ட தோலையும் விதையையும் ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “சரிண்ணே. அப்ப அவன் வரமாட்டான்” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேறென்ன சொல்லியிருந்தேன்?

உள்ளேயிருந்து நூர்ஜகான் அழுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. அது அன்வருக்கான அழுகை. அம்மா நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அவளால் அழக்கூட முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கல்யாணம் சீக்கிரமே நடந்தது. புதுச் சாமான் வாங்கி நானே ஆக்கினேன். ஜைனம்பு எல்லா வேலையையும் குறைவில்லாமல் பார்த்தார். வந்தவர்களை வாங்க என்று கேட்டார். தம் உடைத்து மூடியைத் திறந்ததும் வழக்கப்படி முதல் தட்டை அவரிடம்தான் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்து மென்றார். “நல்லாருக்குண்ணே” என்றார். அப்படி உயிரில்லாத ஒரு குரலை நான் கேட்டதில்லை. கசந்தாலும் அப்படியேதான் சொல்லியிருப்பார்.

மகளை ராஜபாளையத்துக்கு அனுப்பிய பிறகு அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஊரில் எல்லோரும் தேறிவிட்டார் என்றார்கள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் சிக்கந்தர் சொன்னார், வெளியில் எங்குமே போவதில்லை, வாசல் கதவைக்கூடத் திறப்பதில்லை என்று. சாப்பாடு குறைந்தது. டாக்டரிடம் காட்டினார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை, சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தாராம். நடுவில் ஒருமுறை நான் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், அவனை நான்தானே பஸ் ஏற்றிவிட்டேன் என்றார். முன்பு பெருமையாகச் சொன்ன அதே பேச்சு. “அவன் போமாட்டேன்னுதாண்ணே சொன்னான்” என்றார். நான் ஏதேதோ ஆறுதல் சொன்னேன். காதில் வாங்கவில்லை. நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அவர் அனுப்பிவைத்த பிள்ளை வழியில்தான் இருந்தான். நான் போய்ச் சொன்ன பிறகு, அவர் அனுப்பிவைத்த பிள்ளை செத்துவிட்டான். அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்கு யோசித்திருக்கவில்லை.

மறுவருடக் கோடையில் ஜைனம்பு மௌத்தாகிவிட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிற அன்றைக்குச் சோறு ஆக்கச் சொல்லி எனக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். மறுக்க மனமில்லை, போகவும் மனமில்லை. போனேன். கொல்லையில் அடுப்பு வெட்டி உலை வைத்தேன். சிக்கந்தர் கடையைப் பூட்டிவிட்டு வந்து விறகுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு விறகை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அடுப்பில் தள்ளினேன்.

“பண்டாரி” என்றார். “நாந்தான் ஒன்னியக் கூட்டியாந்தேன். உள்ளதச் சொல்லுன்னு நாந்தான் சொன்னேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.”

நான் இன்னொரு விறகை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

“ஆனாலும்,” என்று நிறுத்தி, கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார். “இன்னும் ஒரு வருசம் தாங்கும்னு சொல்லிருக்கலாம்ல.”

நீங்கள் படித்தவர்கள், உங்களில் யாராவது யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் ஒருத்தி பிழைப்பாள், ஒருத்தி போய்விடுவாள் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால்கூட, எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

நூர்ஜகான் பின்வாசலுக்கு வந்தாள். நிறைமாதம். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். “அத்தா, ஓதுறதுக்கு வந்துட்டாக” என்றாள். சிக்கந்தர் எழுந்து போனார். அவள் என்னை ஒருமுறையாவது பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

உலை பொங்கிக்கொண்டிருந்தது. வந்திருந்த அத்தனை பேரும் பசியோடு இருந்தார்கள். நான் அரிசியை எடுத்துப் போட்டேன்.